போட்டியில் சேராத படம்

ஆடிக் கிருத்திகை நெரிசலுக்கு நடுவே ஓவியக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் திருத்தணியில் சிரித்தே விரட்டியிருப்பார்கள். சொன்னது டிராயிங் டீச்சர். அதனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் எங்கள் தலைமையாசிரியரே மேசை மேலிருக்கும் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு, சரி செய்யுங்கள் அம்மா என்றுதான் சொல்வார்.

டீச்சர் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் வருவார். ஒரு கக்கத்தில் சுருட்டிய சார்ட் பேப்பர், இன்னொன்றில் குடை. ஆள் குள்ளம். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் நடை அவருக்கு. ரயிலிலிருந்து இறங்கி வரும்போதும் அதே நடைதான். எழுபதுகளின் தொடக்கம் அது. அவர் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளியில் டிராயிங் பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் வந்து விட்டுப்போன கணக்கை நடத்துகிற பீரியட் என்று அர்த்தம். டீச்சர் வந்த மாதமே அவரை வகுப்பு வாசலில் மறித்து, இது என் பீரியட் சார் என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே நாங்கள் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தோம்.

சனிக்கிழமை மதியம் பள்ளி வராந்தாவில் அவர் தனியாக ஒரு வகுப்பு நடத்தினார். பள்ளியில் படிக்கிறவர்கள்தான் வர வேண்டும் என்று இல்லை. நெசவாளர் தெருவிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர், படிப்பை விட்ட பெண்கள், பூக்கடையில் மாலை கட்டுகிறவர், லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பாய் என்று எல்லோரும் வரிசையாகக் கால் மடக்கி உட்கார்ந்திருப்போம். பாய்க்கு அப்போதே தாடி நரைத்திருந்தது. லாரிக்குப் பின்னால் மயிலும் தாமரையும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர், டீச்சர் நடுவில் வைத்த பித்தளைச் சொம்பைக் கண்ணைத் திறந்துகொண்டு போட முடியாமல் திணறுவார். என் சொம்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, பூசணிக்காய் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பார்த்ததைத்தான் போட வேண்டும். காலண்டரைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, மனசிலிருந்து அழகு படுத்தக் கூடாது. காகிதத்தைப் பார்க்கிற நேரத்தைவிட எதிரில் இருப்பதைப் பார்க்கிற நேரம் அதிகமாக இருக்க வேண்டும். யாராவது குனிந்தே இருந்தால் ஸ்கேலால் மோவாயைத் தூக்கிவிடுவார். மலைக்கோயில் ஊரில் இருந்துகொண்டு சாமி படம் போடாதே என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். பக்தி இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மாதக் கிருத்திகை தவறாமல் படியேறுவார். சாமியை நீங்கள் யாரும் பார்க்கவில்லை, காலண்டர் போட்டவரும் பார்க்கவில்லை, பார்த்த பிறகு வந்து போடுங்கள் என்பது அவர் கட்சி.

இந்த வகுப்பின் ராணி என் அக்கா. பதினோராம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழு வயது வித்தியாசம். எனக்குப் பத்து வயது. டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தாள். நைனா அவளை அந்த வகுப்புக்கு அனுப்பியதற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல. புடவைக் கரைக்குப் புது டிசைன் போட ஆள் கிடைக்கும் என்ற கணக்குதான். அவளும் கட்டம் போட்ட காகிதத்தில் ருத்திராட்சம், கோபுரம், அன்னம் என்று போட்டுக் கொடுப்பாள். ஆனால் அவள் ஆசை அங்கே நிற்கவில்லை. மெட்ராஸில் இரண்டு வருஷம் படித்தால் அவளும் டீச்சரைப் போல டிராயிங் டீச்சர் ஆகலாம். இதை அவள் நைனாவிடம் சொன்னதற்கு எட்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் டிராயிங் டீச்சர் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டீச்சர் நின்றுகொண்டே பேசினார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கண்காட்சிக்கு மெட்ராஸிலிருந்து ஓவியம் சொல்லிக்கொடுக்கிற பெரியவர் ஒருவர் நடுவராக வருகிறார். அவர் கையால் அக்காவுக்குப் பரிசு கிடைத்து, இந்தப் பெண்ணைப் படிக்க வைக்கலாம் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தால் நைனா மெட்ராஸுக்கு அனுப்புவார். இல்லையென்றால் ஆவணியில் பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அக்கா காபி கொண்டுபோய் வைக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து உடன்படிக்கை மாதிரி இரண்டு தரப்பும் இதை ஏற்றுக்கொண்டன.

அக்கா வரைவதற்கு எடுத்துக்கொண்டது அத்தையை.

அத்தை நைனாவுக்கு அக்கா. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் மாமா போய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில்தான். அம்மா இல்லாத அந்த வீட்டில் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுவது, சமையல், என் தலையில் பேன் பார்ப்பது எல்லாம் அவள். நந்தியாற்றுப் பக்கம் எங்களுக்கு இருந்த அரைக்காணியில் கோடைக் கம்பு கதிர் பிடித்துவிட்டால் கிளி ஓட்டப் போவதும் அவள்தான். வீட்டில் விசேஷம் என்றால் முதல் ஆள் வருவதற்கு முன்பே அத்தை பின்கட்டுக்குப் போய்விடுவாள். பந்தி முடிந்து கடைசி ஆள் போன பிறகு வெளியே வருவாள். அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்புக் கொல்லை நடுவில் நான்கு கழி நட்டுக் கட்டிய பரண் ஒன்று உண்டு. விடிந்ததும் அத்தை அதன்மேல் ஏறி நின்று கையில் கவணோடு கிளிகளை விரட்டுவாள். அக்கா கீழே வரப்பில் உட்கார்ந்து வரைவாள். இரண்டு மாதம் இப்படிப் போனாள். முதலில் பென்சிலில் பக்கம் பக்கமாக அத்தையின் கை, அத்தையின் முழங்கை, புடவையை இழுத்துச் செருகிய இடுப்பு, வெயிலுக்குச் சுருங்கிய கண். பிறகு டீச்சர் அரக்கோணத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஆளுயர ஹார்ட்போர்டில் எனாமல் பெயிண்ட். பெயிண்ட் பாய் கொடுத்தது. லாரிக்கு அடித்து மிஞ்சியதைத் தேங்காய்க் கொட்டாங்கச்சிகளில் ஊற்றி, தினமும் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் பச்சை இருக்கும், ஒரு நாள் மஞ்சள் மட்டும் இருக்கும். அதற்கு ஏற்ப அன்றைக்குக் கிளியோ கதிரோ வளரும்.

அத்தைக்கு இதெல்லாம் கூச்சமாக இருந்தது. என் மூஞ்சியை எதற்குப் போடுகிறாய், பரணைப் போடு, கிளியைப் போடு என்று தினமும் கெஞ்சுவாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். படத்தில் இருப்பது அவள்தான் என்று கண்காட்சிக்கு வருகிற ஒருவருக்கும் சொல்லக் கூடாது. அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளுக்குச் சத்தியம் செய்ய என் தலைதான் எப்போதும் வசதி.

படம் முடிந்தபோது நைனா வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பரண்மேல் அத்தை கவணைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறாள், பின்னால் மலை, கதிருக்குள்ளிருந்து ஒரு கூட்டம் கிளி எழும்புகிறது. முகத்தில் ஓர் அதட்டல். வீட்டில் நாங்கள் ஒருநாளும் கேட்காத அதட்டல் அது. நைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். திருவிழா நாளில் நாலு பேர் பார்க்கிற இடம், மூளி நெற்றியோடு ஒரு பெண் படம் இருந்தால் ஜனம் முகம் சுளிக்கும் என்றார். அக்கா தூரிகையைத் துடைத்துக்கொண்டே, இருப்பதைத்தான் போட வேண்டும், இல்லாததைப் போட்டால் டீச்சர் சேர்க்க மாட்டார் என்றாள். அத்தை அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள்.

கிருத்திகைக்குப் பள்ளிக்கூடம் லீவு. வருகிற ஜனங்கள் தங்குவதற்காகப் பள்ளியின் பெரிய ஹாலைத் திறந்து விடுவது வழக்கம். அந்த ஹாலில் பாதியை டீச்சர் பேசி வாங்கியிருந்தார். ஊருக்கே ஜனம் வருகிற மூன்று நாளை விட்டுவிட்டு, ஈ ஓட்டுகிற நாளிலா கண்காட்சி வைப்பார்கள் என்பது அவர் வாதம். தறிக்கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டி, நெய்து வைத்திருந்த காடாத் துணியைத் தொங்கவிட்டு, அதன்மேல் படங்களை மாட்டினோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் சொம்பு, சைக்கிள், ரயில்வே கைகாட்டி மரம், தூங்குகிற நாய், பாயின் பழைய லாரி. சாமி படங்கள் போட்டியில் சேராது என்று நோட்டீஸ் எழுதி வாசலிலேயே ஒட்டியிருந்தது. நேரே எதிரே, சுவரில் சாய்த்து, அத்தை.

அவ்வளவு பேர் படத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. காவடியைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். நாயைப் பார்த்து ஒரு கிழவர் ச்சூ என்றார். கைகாட்டி மரத்தின் கீழே நின்று இரண்டு பேர் எந்த ஸ்டேஷன் என்று வாதம் செய்தார்கள். டீச்சர் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பகல் பதினோரு மணிக்கு டீச்சர் நடுவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார். அக்கா பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்து படங்களுக்குப் பெயர்ச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் கொடுக்கப்பட்டது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு அத்தை படத்துக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது. பூக்கடைக்காரர் காலையில் கொடுத்த சாமந்திச் சரம் என் தலையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துப் படத்தின் மேல் விளிம்பில் ஆணியில் மாட்டினேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சரம்தான் காரணம் என்று அக்கா பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் நின்றது சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மொட்டைத் தாத்தா. படத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். திரும்பி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டாரைத் தெலுங்கில் கூப்பிட்டார். வள்ளெம்மா இங்கே இருக்கிறாள், வாருங்கள் என்று. வள்ளி தினைப்புனம் காத்த கதையைப் பால் குடிக்கும்போதே கேட்டவர்கள் அவர்கள். பரண், கவண், கிளி, பின்னால் திருத்தணி மலை. வேறு யாராக இருக்க முடியும். நான் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் என் தலைமேல் இருந்தது என்பது ஒரு காரணம். பெரியவரை மறுத்துப் பேசக் கூடாது என்பது இன்னொன்று. உண்மையான காரணம், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அரை மணியில் வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது. நான் ஸ்டூலில் ஏறி நின்று வரிசையை ஒழுங்கு செய்தேன். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம் என்றேன். வாழைப்பழம் வந்தது, தேங்காய் மூடி வந்தது. கற்பூரம் கொளுத்த வந்தவரைத் தடுத்து நிறுத்தினேன். எனாமல் பெயிண்ட் பற்றிக்கொள்ளும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இது வள்ளிக்கு ஆகாது என்று நான் சொன்னதை அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். மலைமேல் குருக்களாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். வரிசையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் காதைப் பிடித்தாள். அதே நேரம் அத்தை சோற்றுத் தூக்கோடு பின்வாசல் வழியாக வந்தாள். எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவர வேறு ஆள் இல்லாததால்தான் வந்தாள். வந்தவள் வரிசையில் இடித்துவிடாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவளைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அப்போது படத்தின் முன்னால் நின்றது ஓர் இளம்பெண். அன்றைக்குத்தான் மொட்டையடித்த கைக்குழந்தை இடுப்பில். கையில் மலையிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலம். கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு எட்டி, பரண்மேல் நின்ற அத்தையின் நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். எனாமல் பளபளப்பின் மேல் அது எடுப்பாக நின்றது. சாமிக்கு வைத்ததும் பக்கத்தில் இருக்கிற பெண்களுக்கு வைப்பதுதானே வழக்கம். திரும்பி எனக்கு வைத்தாள், அக்காவுக்கு வைத்தாள், பின்னால் நின்ற இரண்டு பெண்களுக்கு வைத்தாள். அத்தையிடம் வந்தபோது கை பாதி தூரம் நீண்டது. முகத்தைப் பார்த்தாள். கை நின்றது. அத்தை அதற்குள் ஒரு அடி பின்னால் போயிருந்தாள். அந்தப் பெண் கையை மடக்கிக்கொண்டு அடுத்தவளுக்கு வைத்தாள். அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. அத்தையும் அப்படித்தான் நினைத்திருப்பாள். குழந்தையின் மொட்டையைத் தடவிக் கொடுத்தாள்.

அக்கா என் காதை விட்டுவிட்டாள். விட்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வலி தப்பியதே என்றிருந்தது.

டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார். நடுவர் தலைமையாசிரியர் அறையில் காபி குடிக்கிறார், பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றார். படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். வரிசையைக் கும்பிட்டுக் கேட்டு நகர்த்தினார். சாமந்திச் சரம் என் மடிக்கு வந்தது. தேங்காய் மூடிகள் பெஞ்சுக்கு அடியில் போயின. குங்குமம் ஒன்றுதான் பாக்கி. எனாமல் ஆனதால் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும். டீச்சரே துணியை நனைத்துப் பிழிந்து அக்கா கையில் கொடுத்தார்.

அக்கா துணியை வாங்கிக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றாள். ஒரு தடவை திரும்பிச் சுவரோரம் பார்த்தாள். அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கைக் கீழே வைக்கவும் மறந்து, அதன் சூடான அடியை வெறும் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா துணியை நான்காக மடித்தாள். ஜன்னல் கட்டையில் வைத்தாள். டீச்சர் துடை, துடை என்று மெதுவாகச் சொல்வது எனக்குக் கேட்டது. அக்கா துடைக்கவில்லை.

நடுவர் வந்தார். வெள்ளை ஜிப்பா, தடித்த கண்ணாடி, பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மனிதர். சொம்புகளையும் நாயையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முழங்கையைப் பார்த்தார், கவணைப் பார்த்தார், கிளிகளைப் பார்த்தார், கடைசியில் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். அக்கா முன்னால் வந்தாள்.

"நல்ல கைம்மா உனக்கு. ஆனா சாமி படம் சேராதுன்னு வாசல்லயே எழுதியிருக்கே."

இல்லை சார், இது என்று டீச்சர் ஆரம்பித்தார். அக்கா அவரை முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க சார். சாமி படந்தான்."

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தார். சுவரோரம் நின்றவளை அப்போதுதான் கவனித்தார். பிறகு படத்தின் நெற்றியைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து ஸ்கேலும் கையுமாக ஒரே சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர், வாயை மூடிக்கொண்டார். நடுவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். போட்டியில் சேராவிட்டால் என்ன, பார்க்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முதல் பரிசு கைகாட்டி மரத்துக்குப் போயிற்று. அதை வரைந்த அரக்கோணத்துப் பையன் நிஜமாகவே நன்றாக வரைந்திருந்தான். அதனால் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு துணி, ஒரு துடை, அதைச் செய்ய முடியவில்லையா என்றேன். குங்குமத்தைத் துடைத்தால் வள்ளி கண்ணைக் குத்திவிடுவாள் என்ற பயமா என்று கேட்டேன். ஆங், பயந்தான் என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாகக்கூட இருந்தது. இவ்வளவு படித்தும் இப்படிப் பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாளே என்று.

நாங்கள் போவதற்கு முன்பே சேதி நெசவாளர் தெருவுக்குப் போயிருந்தது. நைனா ஏக சந்தோஷத்தில் இருந்தார். தன் மகள் போட்ட படத்துக்கு ஊர் உலகம் வரிசை கட்டிக் கும்பிட்டதை இரண்டு தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் பரிசு ஞாபகம் வந்தது. பரிசு இல்லை. கடிதமும் இல்லை. சரி, சாமி சித்தம் அப்படி இருந்தால் நாம் என்ன செய்வது, பள்ளிப்பட்டுக்காரர்களை ஆவணி முதல் வாரத்தில் வரச் சொல்லிவிடலாம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பேசியதைப் பேசியபடி நடத்துகிறவர் அவர். அக்கா கொட்டாங்கச்சிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தினாள். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் எந்தக் காரியத்திலும் அவள் கருத்துச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அன்று அவள் எழுந்து வந்து தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அவ ரெண்டு மாசமா என்னையே பாத்துகினு இருந்தா. நான் இந்த ஊட்டுக்கு வந்து இருவது வருசம் ஆவுது. அப்பிடி என்ன ஒருத்தரும் பாத்ததில்ல. அந்தக் கண்ண கொண்டுபோய் அடுப்பாண்ட வெக்காத. அனுப்பு."

நைனா நூல் ஓட்டுகிற நாடாவை எடுத்து நான்கு இழை அடித்தார். நான்கும் சரியாக விழவில்லை, பிரித்தார். பிறகு அக்காவைப் பார்க்காமலே, அந்த மெட்ராஸ் அப்ளிகேஷன் பாரம் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று உன் டீச்சரிடம் கேட்டு வா என்றார். அக்கா கொட்டாங்கச்சிகளைப் போட்டுவிட்டு அத்தை மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அத்தை அவள் தலையைத் தடவவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

வீடே சந்தோஷமாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு குறை. அத்தை சொன்னது அப்பட்டமான பொய். ஒருத்தரும் பார்த்ததில்லையாம். நான் என்ன குருடா? காலையில் கண் விழித்ததிலிருந்து அத்தையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? அவள் கையால் சாப்பிட்டு, அவள் மடியில் தலை வைத்துப் பேன் பார்த்துக்கொண்டு, அவள் பாயில் படுக்கிறேன். அக்கா வெறும் இரண்டு மாதம் பார்த்ததற்கு மெட்ராஸ், பத்து வருஷம் பார்த்த எனக்கு ஒரு பாராட்டும் இல்லை.

விளக்கு வைப்பதற்குள் அத்தையிடமே சண்டைக்குப் போனேன். நானும்தான் உன்னைத் தினமும் பார்க்கிறேன், சந்தேகம் இருந்தால் கேள் என்றேன். அத்தை சிரித்துக்கொண்டே, எங்கே, இன்னா பாத்த சொல்லு என்றாள். உன் இடது புருவத்துக்கு மேலே நகக்கண் அளவில் ஒரு தழும்பு இருக்கிறது, போதுமா என்றேன். அத்தை அக்காவைப் பார்த்தாள். அக்கா அத்தையைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் ஜெயித்துவிட்ட பெருமையில் சிரித்தேன். அந்தத் தழும்பை நான் ஒருநாளும் அத்தையின் முகத்தில் பார்த்ததில்லை, அக்காவின் பலகையில்தான் பார்த்திருந்தேன் என்பது அன்று எனக்குத் தெரியவே இல்லை.